மாவு வந்தது, கதவு திறக்கவில்லை!

2023-ம் ஆண்டு அக்டோபர் 21-ந்தேதி.

எகிப்து நாட்டின் எல்லையில் ரபா என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய கதவு. கதவுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. மருந்து, டின்னில் அடைத்த உணவு, குடிநீர் ஆகியவை அவற்றில் இருந்தன.

கதவு திறந்தது. 20 லாரிகள் உள்ளே போயின. கதவு மூடிக்கொண்டது!

கதவுக்கு உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர்? சுமார் 22 லட்சம் பேர்!

சண்டை தொடங்குவதற்கு முன்பு, அந்தப் பகுதிக்கு நாள் ஒன்றுக்கு சுமார் 500 லாரிகளில் பொருள்கள் போய்க்கொண்டிருந்தன. சண்டை தொடங்கி இரண்டு வாரம் ஒரு லாரிகூடப் போகவில்லை. அதன் பிறகு போனவை வெறும் 20.

உலகத்தில் கோதுமைக்குப் பஞ்சமா? இல்லை. கொடுப்பதற்கு ஆள் இல்லையா? அதுவும் இல்லை. பல நாடுகள் கப்பலிலும் விமானத்திலும் அனுப்பிக்கொண்டே இருந்தன.

அப்படியானால் காசாவில் குழந்தைகள் ஏன் பட்டினி கிடந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை, அந்தக் கதவில்தான் இருக்கிறது.

சின்னஞ்சிறு நிலம்

காசா ஒரு சின்ன நிலப்பகுதி. நீளம் 41 கிலோ மீட்டர். அகலம் 6 முதல் 12 கிலோ மீட்டர்தான். மொத்தப் பரப்பு 365 சதுர கிலோ மீட்டர்.

மேற்கே மத்திய தரைக் கடல். தெற்கே எகிப்து. வடக்கும் கிழக்கும் இஸ்ரேல்.

கடலில் இஸ்ரேலின் போர்க் கப்பல்கள் காவல் காக்கின்றன. 1998-ல் ஒரு விமான நிலையம் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது தகர்க்கப்பட்டது.

2007-ல் காசாவின் ஆட்சி ஹமாஸ் இயக்கத்தின் கைக்கு வந்தது. அதிலிருந்து இஸ்ரேலும் எகிப்தும் எல்லைக் கட்டுப்பாட்டை இறுக்கிவிட்டன.

ஆகவே, ஒரு மூட்டை மாவு உள்ளே போகவேண்டுமானாலும் தரை வழியாக, எல்லைக் கதவுகளைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தக் கதவுகளில் ஒன்றுகூட உள்ளே வாழும் ஜனங்களின் கையில் இல்லை.

சாவியோடு வந்தவர்கள்

இந்த 22 லட்சம் பேரில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் அகதிகளும் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் ஆவார்கள். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

1947 நவம்பரில், பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று இரண்டாகப் பிரிக்க ஐ.நா. சபை தீர்மானம் செய்தது. அரபு மக்கள் அதை ஏற்கவில்லை. சண்டை மூண்டது. 1948 மே 14-ந்தேதி இஸ்ரேல் நாடு பிறந்தது. அக்கம்பக்கத்து அரபு நாடுகள் போரில் குதித்தன.

அந்தப் போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரையும் வீட்டையும் இழந்தார்கள். சிலர் விரட்டப்பட்டார்கள். சிலர் உயிருக்குப் பயந்து ஓடினார்கள்.

"சில நாளில் திரும்பிவிடலாம்" என்று எண்ணி, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் பலர். அவர்கள் திரும்பவே இல்லை. அந்தச் சாவியைப் பேரப்பிள்ளைகள் இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

அப்போது காசாவில் இருந்த உள்ளூர் ஜனங்கள் சுமார் 80 ஆயிரம் பேர். அங்கே வந்து சேர்ந்த அகதிகளோ 2 லட்சத்துக்கு மேல்! பள்ளிக்கூடங்களிலும், மசூதிகளிலும், கடற்கரை மணலிலும் அவர்கள் தங்கினார்கள்.

முதலில் கைகொடுத்தவர்கள் குவேக்கர்கள். போரே கூடாது என்ற கொள்கை உடைய கிறிஸ்தவர்கள் இவர்கள். அமெரிக்காவில் இருந்து வந்த இவர்களின் தொண்டர் குழு, காசாவில் மாவும் கூடாரமும் கொடுத்தது. மற்ற இடங்களில் செஞ்சிலுவைச் சங்கத்தார் அந்தப் பணியைச் செய்தார்கள்.

1949 டிசம்பர் 8-ந்தேதி, பாலஸ்தீன அகதிகளுக்கு என்றே ஐ.நா. சபை ஒரு தனி நிறுவனம் அமைத்தது. 'உன்ரா' என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1950 மே முதல் தேதி அது வேலையைத் தொடங்கியது.

அது தற்காலிக நிறுவனம்தான். "அகதிகளின் பிரச்சினை தீர்ந்ததும் கலைத்துவிடலாம்" என்று எண்ணினார்கள். பிரச்சினை தீரவில்லை. நிறுவனத்தின் காலத்தைத் திரும்பத் திரும்ப நீட்டிக்க வேண்டியதாயிற்று.

கூடாரங்கள் குடிசைகள் ஆயின. குடிசைகள் மாடி வீடுகள் ஆயின. காசாவில் மட்டும் 8 அகதி முகாம்கள், நெருக்கமான ஊர்களாகவே மாறிவிட்டன. உன்ரா நடத்திய பள்ளிக்கூடங்களில் சுமார் 3 லட்சம் பிள்ளைகள் படித்துவந்தார்கள்.

இந்தியாவுக்கும் காசாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1956 முதல் 1967 வரை காசாவில் காவல் காத்த ஐ.நா. அமைதிப் படையில் இந்திய வீரர்களும் இருந்தார்கள். 1960-ல் பிரதமர் நேரு அங்கே சென்று அவர்களைப் பார்த்தார். 1967 ஜூனில் போர் மூண்டபோது, இந்திய வீரர்கள் சிலர் அந்த மண்ணிலேயே உயிர் இழந்தார்கள்.

மறுபடியும் ஓட்டம்

2023 அக்டோபர் 7-ந்தேதி ஹமாஸ் இயக்கத்தினர் எல்லை வேலியை உடைத்து இஸ்ரேலுக்குள் புகுந்தார்கள். சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள். சுமார் 250 பேரைப் பிணையாகப் பிடித்துச் சென்றார்கள். அவர்களில் குழந்தைகளும் கிழவர்களும் இருந்தார்கள்.

இஸ்ரேல் போர் தொடுத்தது. அக்டோபர் 9-ந்தேதி இஸ்ரேல் ராணுவ மந்திரி, காசாவுக்கு முழு முற்றுகை என்று அறிவித்தார். மின்சாரம் கிடையாது. உணவு கிடையாது. எரிபொருள் கிடையாது.

13-ந்தேதி இன்னொரு உத்தரவு வந்தது. "வடக்குப் பகுதியில் இருப்பவர்கள் தெற்கே போய்விடுங்கள்" என்றார்கள். அங்கே இருந்தவர்கள் 11 லட்சம் பேர்!

கழுதை வண்டியிலும், கால்நடையாகவும் ஜனங்கள் புறப்பட்டார்கள். கையில் ஒரு போர்வை, ஒரு பாத்திரம், இடுப்பில் ஒரு குழந்தை. தாத்தாவும் பாட்டியும் 1948-ல் நடந்ததை, பேரனும் பேத்தியும் 2023-ல் நடந்தார்கள்.

போரின் போக்கில் சுமார் 19 லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர்! ஒரு தடவை அல்ல; ஐந்து தடவை, ஆறு தடவை, அதற்கு மேலும் இடம் மாறியவர்கள் ஏராளம். ஒவ்வொரு தடவையும் அடுப்பும், கூடாரமும், சேர்த்துவைத்த கொஞ்சம் மாவும் பின்னாலேயே நின்றுவிட்டன.

ஒரு மூட்டையின் பயணம்

வெளிநாட்டில் இருந்து ஒரு மூட்டை மாவு காசாவுக்குப் போகிறது. 25 கிலோ மூட்டை. அது எப்படிப் போகிறது?

முதலில் கப்பலிலோ விமானத்திலோ எகிப்தில் இருக்கும் எல்-அரீஷ் நகருக்கு வருகிறது. 2023 அக்டோபர் 22-ந்தேதி இந்திய விமானப் படை விமானம் ஒன்றும் இந்த ஊரில்தான் இறங்கியது. ஆறரை டன் மருந்து, 32 டன் நிவாரணப் பொருள்கள் அதில் இருந்தன. கூடாரங்களும், தார்ப்பாயும், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரைகளும் இந்தியா அனுப்பியவை.

எல்-அரீஷில் இருந்து எல்லை சுமார் 45 கிலோ மீட்டர்தான். ஒரு மணி நேரப் பயணம். ஆனால் சரக்கு நேராகப் போகமுடியாது.

இஸ்ரேல் அதிகாரிகள் லாரியைச் சோதனை போடுவார்கள். ஆயுதம் கடத்தப்படக்கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். போருக்கும் பயன்படலாம் என்று கருதும் பொருளைத் தடுத்துவிடுவார்கள். ஜெனரேட்டர், பம்பு, கூடாரத்தின் இரும்புக் கம்பி இவை எல்லாம்கூட இப்படித் தடைப்பட்டது உண்டு.

சோதனை முடிந்ததும் சரக்கை எல்லையில் இறக்கவேண்டும். காசாவில் இருந்து வரும் வேறு லாரியில் ஏற்றவேண்டும். அந்த லாரி வருவதற்கு அனுமதி வேண்டும். டிரைவருக்கு அனுமதி வேண்டும். போகும் பாதைக்கு அனுமதி வேண்டும். லாரி ஓட டீசல் வேண்டும்.

இத்தனையும் கூடிவந்தால், மூட்டை ரொட்டிக் கடைக்குப் போய்ச் சேரும். அங்கே ரொட்டி சுடத் தண்ணீரும் எரிவாயுவும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ரொட்டி இல்லை!

இப்போது கணக்கைப் பாருங்கள். காசா ஜனங்கள் அனைவருக்கும் மாதம் 62 ஆயிரம் டன் உணவு தேவை என்று ஐ.நா.வின் உலக உணவுத் திட்ட அமைப்பு சொன்னது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. லாரிக்கு 20 டன் என்று வைத்தாலும், உணவுக்கு மட்டும் தினம் 100 லாரிகள் உள்ளே போகவேண்டும்.

லாரிகள் வராதபோது விலை ஏறியது. மாவு தங்கமாயிற்று. பொருள் தங்கமானால் திருடன் வராமல் இருப்பானா? 2024 நவம்பர் 16-ந்தேதி, 109 லாரிகள் கொண்ட உணவு வரிசையில் 98 லாரிகளை ஆயுதம் தாங்கிய கூட்டத்தார் கொள்ளை அடித்துவிட்டார்கள்.

வானமும் கடலும்

தரை வழி அடைபட்டதால் வானத்தைப் பார்த்தார்கள். ஜோர்டான், அமெரிக்கா முதலிய நாடுகள் விமானத்தில் இருந்து உணவுப் பெட்டிகளைப் பாராசூட்டில் போட்டன. சில கடலில் விழுந்தன. சில ஜனங்களின் தலையிலேயே விழுந்து உயிரைப் பறித்தன. ஒரு விமானம் கொண்டுபோவதை ஒன்றிரண்டு லாரிகள் கொண்டுபோய்விடும்.

அடுத்து, கடலைப் பார்த்தார்கள். அமெரிக்க ராணுவம் காசா கரையில் ஒரு மிதக்கும் துறையை அமைத்தது. செலவு சுமார் 23 கோடி டாலர். 2024 மே 17-ந்தேதி அது வேலை செய்யத் தொடங்கியது. அலை அடித்து உடைந்தது. பழுது பார்த்தார்கள். மறுபடியும் பிரித்து வைத்தார்கள். சுமார் 20 நாள்தான் அது பயன்பட்டது. ஜூலையில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

இதில் ஓர் உண்மை தெரிகிறது. தரையில் ஒரு கதவு திறந்திருந்தால், வானமும் வேண்டாம்; கடலும் வேண்டாம்!

சோறு போட்டவர்களும் செத்தார்கள்

2024 ஏப்ரல் முதல் தேதி இரவு. 'வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன்' என்ற தொண்டு நிறுவனத்தின் மூன்று வண்டிகள், உணவை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. போகும் வழி இஸ்ரேல் ராணுவத்துக்கு முன்பே சொல்லப்பட்டு இருந்தது. ஆனாலும் விமானத் தாக்குதலில் ஏழு தொண்டர்கள் மாண்டார்கள். "தவறு நேர்ந்துவிட்டது" என்று இஸ்ரேல் ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டு மே 13-ந்தேதி, ஐ.நா. பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்த இந்தியர் ஒருவரும் ரபாவில் உயிர் இழந்தார். இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி அவர். ஆஸ்பத்திரிக்குச் சென்றுகொண்டிருந்த அவருடைய கார் தாக்கப்பட்டது.

உன்ரா ஊழியர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் இந்தப் போரில் மடிந்தார்கள். ஐ.நா. சபையின் வரலாற்றில் இதற்கு முன் இப்படி நடந்தது இல்லை.

உன்ரா மீது பெரிய குற்றச்சாட்டும் எழுந்தது. அதன் ஊழியர்கள் 12 பேர் அக்டோபர் 7 தாக்குதலில் சேர்ந்துகொண்டார்கள் என்று 2024 ஜனவரியில் இஸ்ரேல் கூறியது. பல நாடுகள் பணத்தை நிறுத்திவிட்டன. ஐ.நா. விசாரணை நடத்தியது. ஒன்பது பேர் சம்பந்தப்பட்டு இருக்கலாம் என்று கண்டு, அவர்களை வேலையில் இருந்து நீக்கியது. பெரும்பாலான நாடுகள் மறுபடியும் பணம் கொடுத்தன. ஆனால் இஸ்ரேல் நாடாளுமன்றம் உன்ராவுக்குத் தடைச் சட்டம் போட்டுவிட்டது. 2025 ஜனவரி 30 முதல் அது அமலுக்கு வந்தது.

துப்பாக்கி ஓய்ந்த ஒன்பது மணி நேரம்

இத்தனை துயரத்துக்கு நடுவே ஓர் அதிசயமும் நடந்தது.

2024 ஆகஸ்டில், காசாவில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ கண்டது. 25 ஆண்டுகளாக அங்கே தலைகாட்டாத நோய் அது. சாக்கடை தெருவில் ஓடியது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. நோய் திரும்பி வந்துவிட்டது.

சொட்டு மருந்து கொடுத்தாகவேண்டும். ஆனால் குண்டு விழும்போது குழந்தையை எப்படித் தூக்கி வருவது?

உலக சுகாதார நிறுவனம் இரு தரப்பிடமும் பேசியது. காலை 6 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, மருந்து கொடுக்கும் பகுதிகளில் சண்டையை நிறுத்துவதாக இரு தரப்பும் சம்மதித்தன.

செப்டம்பர் முதல் தேதி வேலை தொடங்கியது. முதலில் நடுப்பகுதி. அடுத்தது தெற்கு. கடைசியில் வடக்கு. 2,000-க்கும் மேற்பட்ட சுகாதார ஊழியர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் பலர் தாங்களே கூடாரத்தில் குடியிருந்தவர்கள். மின்சாரம் இல்லாத ஊரில், மருந்தின் குளிர்ச்சி குறையாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

பன்னிரண்டே நாளில் சுமார் 5 லட்சத்து 59 ஆயிரம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்து முடித்தார்கள்!

அதே காசாதான். அதே போர்தான். அதே ஊழியர்கள்தான். வழியை விட்டார்கள், வேலை நடந்தது.

மூடிய கதவு, வந்தது பஞ்சம்

2025 ஜனவரி 19-ந்தேதி போர் நிறுத்தம் வந்தது. நாள் ஒன்றுக்கு 600 லாரிகள் என்று பேசி முடித்தார்கள். லாரிகள் வந்தன. விலை இறங்கியது. ஜனங்கள் மூச்சு விட்டார்கள்.

மார்ச் 2-ந்தேதி இஸ்ரேல் கதவை மறுபடியும் மூடியது. பிணைக் கைதிகளை ஹமாஸ் விடவேண்டும் என்றது. உதவிப் பொருளை ஹமாஸ் பறித்துக்கொள்கிறது என்றும் சொன்னது. ஐ.நா. அமைப்புகள் அதை ஏற்கவில்லை. உதவிப் பொருளைத் திட்டமிட்டுப் பெருமளவில் அபகரித்ததற்குச் சான்று இல்லை என்றார்கள்.

18-ந்தேதி குண்டு வீச்சும் தொடங்கியது. உலக உணவுத் திட்டத்தின் உதவியால் நடந்த 25 ரொட்டிக் கடைகளும் அந்த மாத முடிவோடு மூடப்பட்டன. மாவு இல்லை. எரிவாயு இல்லை. எல்லைக்கு வெளியே உணவு மலைபோல் குவிந்து கிடந்தது.

பதினோரு வாரம் இப்படிக் கழிந்தது.

மே மாதக் கடைசியில் புது ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்காவும் இஸ்ரேலும் ஆதரித்த ஓர் அறக்கட்டளை உணவு கொடுக்க முன்வந்தது. முன்பு ஐ.நா. அமைப்புகள் சுமார் 400 இடங்களில் உணவு கொடுத்தன. இந்த அறக்கட்டளைக்கு நான்கே இடங்கள்! பசித்தவர்கள் பல மைல் நடந்து, ராணுவம் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போகவேண்டும். அப்படிப் போனவர்கள் மீது குண்டு பாய்ந்தது. உணவு தேடிப்போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரண்டே மாதத்தில் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிவித்தது.

ஆகஸ்ட் 22-ந்தேதி, உணவு நிலையை அளந்து சொல்லும் சர்வதேச நிபுணர் குழு, காசா நகரப் பகுதியில் பஞ்சம் என்று அறிவித்தது. பஞ்சம் என்று அந்தக் குழு லேசில் சொல்லாது. ஐந்தில் ஒரு குடும்பமாவது உணவுக்கு வழியே இல்லாமல் தவிக்கவேண்டும். ஏராளமான குழந்தைகள் எலும்பும் தோலும் ஆகவேண்டும். பத்தாயிரம் பேருக்கு இரண்டு பேர் தினமும் சாகவேண்டும். அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். இஸ்ரேல் அந்த அறிவிப்பை மறுத்தது.

மழை பொய்த்து வந்த பஞ்சம் அல்ல இது. கதவு மூடி வந்த பஞ்சம்!

சட்டம் என்ன சொல்கிறது?

போருக்கும் சட்டம் உண்டு. 1949-ல் செய்துகொண்ட ஜெனீவா ஒப்பந்தம் அது. போரில் சேராத பொது ஜனங்களுக்கு மருந்து போக வழி விடவேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உணவு போக வழி விடவேண்டும் என்று அது கூறுகிறது. 1977-ல் இன்னும் தெளிவாக எழுதினார்கள். பொது ஜனங்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகக் கொள்ளக்கூடாது என்றார்கள். பிணை பிடிப்பதையும் அதே சட்டங்கள் தடுக்கின்றன.

2025 அக்டோபர் 22-ந்தேதி சர்வதேச நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது. காசா ஜனங்களுக்கு ஐ.நா. அமைப்புகள் செய்யும் உதவிக்கு இஸ்ரேல் வழிவிடக் கடமைப்பட்டது என்றது. உன்ராவும் அதில் அடங்கும் என்றது. இஸ்ரேல் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்கு முன்பே, அக்டோபர் 10-ந்தேதி போர் நிறுத்தம் வந்துவிட்டது. உயிரோடு இருந்த பிணைக் கைதிகள் 20 பேரும் வீடு திரும்பினார்கள். லாரிகள் கூடுதலாக உள்ளே போயின. டிசம்பர் 19-ந்தேதி, அந்த நிபுணர் குழு காசாவில் இப்போது பஞ்சம் இல்லை என்று அறிவித்தது. இரண்டே மாதத்தில் இந்த மாற்றம்!

ஆனால் துயரம் தீர்ந்துவிடவில்லை. போரில் மாண்டவர்கள் 70 ஆயிரத்துக்கு மேல் என்று காசா சுகாதாரத் துறையின் கணக்குக் கூறியது. அந்த டிசம்பரில் பெய்த மழையில் கூடாரங்கள் மூழ்கின. 16 லட்சம் பேருக்கு அடுத்த வேளை உணவு நிச்சயம் இல்லை என்று அதே குழு எச்சரித்தது.

இந்தக் கதையில் ஓர் உண்மை திரும்பத் திரும்ப வருகிறது. கதவு திறந்தபோது விலை இறங்கியது, நோய் தடுக்கப்பட்டது, பஞ்சம் விலகியது. கதவு மூடியபோது குழந்தைகள் செத்தார்கள்.

கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள், உயிரைக் கொடுத்தும் வேலை செய்கிறார்கள். அரசியல் சண்டை தீர எத்தனை ஆண்டுகள் ஆகுமோ, ஆகட்டும். அதுவரை ரொட்டியைச் சண்டையில் சேர்க்காமல் இருந்தால் போதும்.

ஒரு மாவு மூட்டை 25 கிலோ. அதைத் தூக்க ஒரு தகப்பன் போதும். கதவைத் திறக்கத்தான் அரசாங்கங்கள் வேண்டும்!